மீன்பிடித் தடைக்கால நாட்குறிப்பு

மே 9, 2025, வெள்ளி. பாம்பன்

பிளஸ் டூ முடிவு நேற்று வந்தது. இன்று விடிந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். விசைப்படகுக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் கையில் நேரம் நிறைய, காசு குறைவு. மகள் மொழியியல் படிக்கப்போவதாகச் சொல்கிறாளாம். மொழியியல் படித்த என்னைப் பார்த்துத்தான் கெட்டுப்போனாள் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“உனக்கு எத்தனை பாஷை தெரியும் தாயி?” என்பதுதான் முதல் கேள்வி. தமிழும் சுமாரான ஆங்கிலமும் என்றேன். முகம் தொங்கிவிட்டது.

மகன், பங்கு, கடல் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள் அண்ணே என்றேன். ஒரே ககரம், மூன்று ஓசை. எங்கே எது வரும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் சின்னப் பிள்ளைகூடப் பிசகாமல் பேசுகிறது. அது எப்படி என்று தேடுவதுதான் இந்தப் படிப்பு. மனிதர் தேநீரை மறந்துவிட்டு மூன்று சொற்களையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு நினைவு வந்தவராக, “சரி, சம்பளம்?” என்றார்.

மே 12, திங்கள்

சம்பளத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டும். பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் செய்கிற ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஒலிப்பதிவைக் கேட்டு, வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்து, பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும். கணக்கு ஒலிப்பதிவின் நிமிடங்களுக்குத்தான், என் நிமிடங்களுக்கு இல்லை. இரைச்சலான பதிவு என்றால் நாளே போய்விடும். இதை அண்ணனிடம் மறைக்கவில்லை.

மாலையில் மண்டபம் ஊரில் நிறுவனத்துக்காக ஒலிப்பதிவு. பாசி எடுக்கும் அக்கா ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். நிறுவனம் அனுப்பியிருந்த வாக்கியங்களெல்லாம் மெட்ரோ ரயிலும் வங்கிக் கடன் அட்டையும். அக்கா செய்தி வாசிப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார். ஒன்றும் தேறவில்லை. தாளை மூடிவிட்டு, கடலில் செத்துப் பிழைத்த கதை ஏதாவது உண்டா என்று கேட்டேன். அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை. கச்சான் காற்றில் வள்ளம் கவிழப்போனது, மரிக்கொழுந்துப் பாசி மூட்டையை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது, கரையில் கணவர் திட்டியது. ஒலிவாங்கியில் பாதிக்கு மேல் காற்று. இருந்தாலும் இந்தப் பேச்சுக்குத்தான் இத்தனை தூரம் போனேன்.

மே 15, வியாழன்

செத்துப் பிழைத்த கதையைக் கேட்டுப் பேசவைக்கும் அந்த உத்தி என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் காட்டிய வழி. இன்று அவரைப் பற்றித்தான் அண்ணன் மகளிடம் வெகுநேரம் பேசினேன்.

லபோவ் முதலில் அச்சு மை தயாரிக்கும் தொழிலில் இருந்த வேதியியலாளர். முப்பது வயதுக்குப் பிறகுதான் மொழியியலுக்கு வந்தார். 1963இல் அவர் வெளியிட்ட முதல் பெரிய ஆய்வு ஒரு தீவைப் பற்றியது: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட். அப்போது ஊர்க்காரர்கள் சுமார் 6,000 பேர். கோடையில் வந்து குவியும் வெளியூர்க்காரர்களோ 42,000. மீனவர்களின் வாயில் ‘ரைட்’, ‘ஹவுஸ்’ போன்ற சொற்களின் உயிரொலி மற்றவர்களிடமிருந்து விலகி ஒலித்தது. யாரிடம் அதிகம் என்று எண்ணிப் பார்த்தார். தீவை விட்டுப் போகமாட்டேன் என்று இருந்தவர்களிடம் கூடுதல், வெளியே போய்ப் பிழைக்க எண்ணிய இளைஞர்களிடம் குறைவு.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அக்கா, சென்னையில் படிக்கிற நம் தெருப் பையன்கள் ஊருக்கு வந்தால் வேறு மாதிரி பேசுகிறார்களே, அதை எண்ண முடியுமா?” என்று கேட்டாள். நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டில்தான் கேட்ட கேள்வி! கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மே 21, புதன்

இன்று அண்ணனிடம் நேரடிப் பேச்சு. மொழியியலைப் பெரும்பாலும் எம்.ஏ.வில்தான் படிக்கிறார்கள். பல இடங்களில் எந்த இளங்கலைப் பட்டமும் போதும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று பழைய, பேர்பெற்ற துறை இருக்கிறது. அதன்பின் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வு. ஆய்வு உதவித்தொகையோடு தேறினால் மாதம் 37,000 ரூபாய். மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், அகராதிப் பணி, கணினி மொழித் தொழில்நுட்பம் என்று வழிகள் உண்டு. கல்லூரி ஆசிரியர் பணியிடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. பேச்சுப் பயிற்சி சிகிச்சையாளர் ஆகலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தனிப் பட்டம், பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் வேண்டும். இவள் படித்ததோ வணிகவியல். அந்த ஆசையை அங்கேயே முடித்துவைத்தேன்.

இளங்கலையில் தமிழா கணினிப் பயன்பாடா என்று தகப்பனும் மகளும் மோதினார்கள். என்னைக் கேட்டால் கணினிதான்; இலக்கணத்தை அவள் எப்படியும் தேடிப் படித்துவிடுவாள், நிரல் எழுதக் கல்லூரி வேண்டும். அவளுக்கு என்மேல் கோபம். கடைசியில் இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம்: முதல் விருப்பம் தமிழ், இரண்டாவது கணினிப் பயன்பாடு. கட்டணத்தை அண்ணனே கட்டினார். அடுத்த வாரம் தெருப் பையன்கள் ஊருக்கு வருகிறார்கள். என் பழைய ஒலிப்பதிவுக் கருவியை அவள் இப்போதே வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.