கொள்ளுகுடிப்பட்டி நாட்குறிப்பு

அக்டோபர் 22, 2024

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்துக் கண்மாயை வரையச் சொன்னேன். மடை, கலுங்கு, மாடு இறங்கும் இடம், நடுவே கருவேல மரங்கள் எல்லாம் வந்துவிட்டன. பறவைகள் இன்னும் முழுசாக வந்து இறங்கவில்லை. ஆனாலும் ஒரு பெண் நத்தைகுத்தி நாரையை நினைவிலிருந்தே வரைந்தாள், அலகின் நடுவே இடைவெளி விட்டு. "அதுக்கு வாய் முழுசா மூடாது டீச்சர். நத்தை திங்கிறதுக்குத்தான் அப்படி" என்றாள். நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க!

அக்டோபர் 31, தீபாவளி

இந்த ஊரில் வெடி கிடையாது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. கொள்ளுகுடிப்பட்டியின் இரண்டு கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் சேர்ந்ததுதான் அது, 38.4 ஹெக்டேர். வெடி போடாததற்கு நன்றியாகத் தீபாவளிக்கு வனத்துறை இனிப்புக் கொடுப்பது வழக்கம்.

ஏன் போடுவதில்லை என்று ஓர் அப்பத்தாவிடம் கேட்டேன். "வீட்டுல புள்ளத்தாச்சி இருந்தா பக்கத்துல வெடி போடுவியா தாயி?" அவ்வளவுதான் பதில். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதைப் பக்கத்தில் இருந்த பெரியவர் சேர்த்துக்கொண்டார். பாசமும் கணக்கும் ஒன்றாகவே ஓடுகின்றன. ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துவிடுகிறோம்.

நவம்பர் 8

நிதி தரும் இடத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. 'விழிப்புணர்வு பெற்றவர்கள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். இந்த ஊரில் யார் யாருக்கு விழிப்புணர்வு தந்தது? கோடு போட்டு விட்டுவிட்டேன்.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991இல், எம்.சி. மேத்தா வழக்கில். நல்ல உத்தரவு. அதன் வழியாக வந்த தாளைத்தான் கல்லூரியில் சில ஆண்டுகள் நடத்தினேன். ஓசோன், அமேசான், அமில மழை. பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்தால் பாஸ். கல்லூரிக்குப் பின்னால் இருந்த குளத்தின் பெயர் கேட்டால் வகுப்பே முழிக்கும். நான் ஊர் ஊராகத் திரிய ஆரம்பித்தது அப்புறம்தான். பதவி உயர்வுக்கு இந்த அலைச்சல் எல்லாம் கணக்கில் வராது, அது வேறு கதை.

நவம்பர் 15

மழை. பள்ளி விடுமுறை. தூங்கினேன்.

நவம்பர் 26

இன்று பிள்ளைகளே கேட்டார்கள்: கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வெடியைவிடப் பெரிய கேள்வி இது. வெடி போடாமல் இருக்க ஊர் ஒரு முடிவெடுத்தால் போதும். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய் நிறையாது. அடியில் தண்ணீர் நிற்காத மரத்தில் நாரை கூடு கட்டத் தயங்கும். முன்பு குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டியோடு இறங்கும். இப்போது இளவட்டங்கள் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். விதைக்காதவனுக்கு வாய்க்காலைப் பற்றி என்ன கவலை? பறவைப் பாதுகாப்பு பேசுகிறவர்கள் விவசாயம் பேசாமல் நழுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சனிக்கிழமை, வயல்களுக்குக் கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி ஐயா வரத்துக்கால் நெடுக எங்களைக் கூட்டிப்போகிறார். பிள்ளைகளைச் செருப்புப் போட்டு வரச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் சீமைக்கருவை முள்.