பஸ்ஸோடு ஏழரை மணி நேரம், பையில் பன்னிரண்டு சிடி

பழைய பிரிட்டிஷ் பங்க் பாட்டுகளைத் தேடி லண்டன், மான்செஸ்டர் என்று அலைந்த கதை இது. பங்க் என்றால் 1970-களின் அவசரமான, முரட்டு ராக் இசை. முதலில் அந்த பஸ்ஸைப் பற்றிக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதையும் எழுத ஓடாது.

வெள்ளிக்கிழமை மாலை 6:30-க்கு லண்டன் விக்டோரியாவிலிருந்து மான்செஸ்டர் பஸ். ஐந்து மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. பஸ் வந்து நின்றதே ஏழேகாலுக்கு. எனக்குக் கிடைத்த இடம் கழிப்பறைக்கு முந்தின வரிசை. அந்தக் கதவின் தாழ்ப்பாள் வேலை செய்யவில்லை. வளைவு வரும்போதெல்லாம் கதவு தானாகத் திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது. திறக்கும்போது வந்த வாசனையை விவரிக்கப் போவதில்லை, சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருக்கலாம். பாதி வழியில் ஓட்டுநர் மாற வேண்டுமாம். மாற்று ஓட்டுநர் வரவில்லை. நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பங்க் தேடிக் கிளம்பியவனுக்குக் கிடைத்த முதல் பங்க் அதுதான்.

மான்செஸ்டரில் இறங்கும்போது மணி இரவு இரண்டு. டிராம் முடிந்துவிட்டது. சால்ஃபோர்டில் நான் பதிவு செய்திருந்த அறைக்கு மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. டாக்ஸிக்காரர் 25 பவுண்டு கேட்டார். கார்டு மெஷின் ரிப்பேர் என்று சொல்லி ஏடிஎம் வாசலில் நிறுத்தி, அங்கே நின்ற நேரத்துக்கும் சேர்த்து வாங்கினார். லண்டனிலிருந்து வந்த பஸ்ஸுக்கு 11 பவுண்டு, கடைசி மூன்று கிலோமீட்டருக்கு 25. ரயிலில் வந்திருக்கலாமே என்பீர்கள். கடைசி நேரத்தில் பார்த்தபோது ரயில் டிக்கெட் 90 பவுண்டுக்கு மேல். எங்கள் வீட்டில் பவுண்டு என்று சொன்னாலும் பவுன் என்றுதான் காதில் விழும். விலையைப் பார்த்தால் அதுவும் சரிதான்.

சரி, எதற்கு இந்த அலைச்சல்?

1976 முதல் 1980 வரை பிரிட்டனில் வந்த பங்க், கொஞ்சம் மெட்டு தூக்கலான பவர்பாப் சிங்கிள்களின் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டுகள்) மேல் எனக்குப் பன்னிரண்டு வருடப் பைத்தியம். செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் மாதிரி பெரிய குழுக்களைப் பற்றிச் சொல்லவில்லை, அவர்களைப் பற்றி எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ஒரே ஒரு சிங்கிள் போட்டு, ஐந்நூறோ ஆயிரமோ பிரதி அடித்து, அதிலும் பாதி விற்காமல், வேலைக்குப் போய்விட்ட பையன்கள்தான் என் ஆட்கள். அந்த மூலப் பிரதிகளை வாங்க எனக்கு வசதி இல்லை. சிலவற்றின் விலை எங்கள் வீட்டு மாத வாடகை. அதனால் நான் சேர்ப்பது தொகுப்புகளை. பதினாறு, இருபது குழுக்களின் தோல்விகளை ஒரே இசைத்தட்டில் வரிசையாக அடுக்கித் தரும் தொகுப்புகள். சிங்கிள் சேகரிப்பவர்கள் எங்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அவர்கள் தட்டை உறையிலிருந்து வெளியே எடுக்கவே பயப்படுகிறார்கள், நான் தினமும் கேட்கிறேன்.

ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் லண்டன். கடைசியில் மூன்று நாள் விடுப்பு போட்டு வார இறுதியோடு சேர்த்துக்கொண்டேன். இசைக்கென்று ஒதுக்கியது 120 பவுண்டு. நாள்வாரியாக, செலவு விவரத்தோடு எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். மேலே பார்த்தீர்களே, அந்த வாக்கு அதற்குள் போய்விட்டது.

லண்டன் முதல் நாள் சோஹோ. பெர்விக் ஸ்ட்ரீட்டில் பழைய தட்டுக் கடைகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், 'பிளட்ஸ்டெயின்ஸ் அக்ராஸ் தி யூகே' என்ற தொகுப்பின் எல்பி (பெரிய வினைல் தட்டு) ஒன்று 40 பவுண்டு. எரிச்சல் வந்தது. இந்த வகைத் தொகுப்புகளில் பல, யாரிடமும் அனுமதி வாங்காமல் திருட்டுத்தனமாக அடித்தவை. 1989-இல் 'கில்டு பை டெத்' என்ற வரிசை தொடங்கியது. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் ஒன்று முளைத்தது. பாடியவனுக்கு ஒரு பைசா போயிருக்காது. ஆனால் அந்தத் திருடர்கள் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகளில் முக்கால்வாசி எனக்குத் தெரிந்தே இருக்காது என்பதும் உண்மை. நன்றி சொல்லலாம், 40 பவுண்டு கொடுக்க முடியாது. திருட்டுப் பொருளுக்கு நகைக்கடை விலையா?

நாட்டிங் ஹில் கேட்டில் உள்ள மியூசிக் அண்ட் வீடியோ எக்ஸ்சேஞ்ச் இதற்கு நேர் எதிர். விற்காத பொருளின் விலையை ஸ்டிக்கரிலேயே அடித்து அடித்துக் குறைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு ஸ்டிக்கரில் நான்கு விலை இருக்கும், கடைசி விலைதான் கணக்கு. அங்கேதான் எனக்குப் புதையல் கிடைத்தது. செர்ரி ரெட் நிறுவனத்தின் கிளையான அனாகிராம், 1990-களில் சின்ன லேபிள்களின் (தட்டு வெளியிடும் நிறுவனங்கள்) சிங்கிள்களை லேபிள் வாரியாகத் தொகுத்து சிடியாகப் போட்டது. பெல்ஃபாஸ்ட்டின் குட் வைப்ரேஷன்ஸ், கேம்பிரிட்ஜின் ரா ரெக்கார்ட்ஸ், லண்டன் வால்தம்ஸ்டோவின் ஸ்மால் ஒண்டர். மூன்றும் சேர்த்து 11 பவுண்டு! வினைல் மோகம் வாழ்க. எல்லோரும் எல்பி பின்னால் ஓடுவதால் சிடியைச் சீந்துவார் இல்லை. என்னைப் போன்ற பட்ஜெட் ஆட்களுக்கு இதைவிட நல்ல காலம் வராது. சிடி வாங்க இன்னொரு காரணம் பெட்டி எடை. ஒரு எல்பி உறையோடு ஏறக்குறைய கால் கிலோ வரும், விமானத்தில் எனக்கு 23 கிலோதான்.

ரா ரெக்கார்ட்ஸ் சிடியில் தி கில்ஜாய்ஸ் என்றொரு குழு. 1977-இல் ஒரே சிங்கிள். அதில் தொண்டை கிழியக் கத்துபவர்தான் பின்னால் டெக்சிஸ் குழுவைத் தொடங்கி உலகப் புகழ் பெற்ற கெவின் ரோலண்ட். தொகுப்புகளில் இப்படி ஆட்கள் நிறைய. கிளாஸ்கோவின் ஜானி அண்ட் தி செல்ஃப் அப்யூசர்ஸ், சிங்கிள் வெளிவந்த நாளிலேயே கலைந்தது. அதில் மிச்சம் இருந்தவர்கள்தான் சிம்பிள் மைண்ட்ஸ். ஆனால் ஒன்று சொல்கிறேன், பின்னால் பெரிய ஆளானவர்களின் பாட்டுதான் சிறந்த பாட்டு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் பக்கத்துப் பாட்டுதான் நன்றாக இருக்கும்.

வால்தம்ஸ்டோ ஹோ ஸ்ட்ரீட்டுக்கும் போனேன். ஸ்மால் ஒண்டர் முதலில் ஒரு தட்டுக் கடை, கடைக்காரர் பீட் ஸ்டென்னட் 1977-இல் அதையே லேபிளாக்கினார். தி க்யூர் குழுவின் முதல் சிங்கிள் வந்தது அங்கிருந்துதான். இப்போது அந்தத் தெருவில் அதற்கான அறிகுறி என் கண்ணில் எதுவும் படவில்லை. மழை வேறு. பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். கோவென்ட் கார்டன் நீல் ஸ்ட்ரீட்டில் பங்க் குழுக்கள் வாசித்த ராக்ஸி கிளப் இருந்த இடமும் அப்படித்தான், சுற்றிலும் துணிக்கடைகள். 1977-இன் முதல் மாதங்களில் அங்கே பதிவு செய்த நேரடி நிகழ்ச்சித் தொகுப்பு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலிலேயே ஏறியது. அதில் தி அட்வர்ட்ஸ் பாடிய ஒரு பாட்டின் தலைப்புதான் 'போர்டு டீனேஜர்ஸ்'. சசெக்ஸிலிருந்து வரும் டீட்டூர் நிறுவனம், பின் லைனர் என்ற தன் கிளையில் வெளியிடும் தொகுப்பு வரிசைக்கு அந்தத் தலைப்பையே வைத்திருக்கிறது. இவர்கள் குழுக்காரர்களைத் தேடிப் பிடித்து, கதை கேட்டு, படங்கள் வாங்கிப் போடுவார்கள். அதில் இரண்டு பாகம் வாங்கினேன், 14 பவுண்டு.

இப்போது மான்செஸ்டர். இந்தப் பயணத்துக்கே காரணம் இந்த ஊர்தான்.

சனிக்கிழமை காலை நேராகப் பிக்காடில்லி கார்டன்ஸில் உள்ள ராபர்ட் பீல் சிலைக்குப் போனேன். சிலையைப் பார்க்க அல்ல, அதன் பீடத்தைப் பார்க்க. இந்த ஊர்ப் பங்க் குழுவான பஸ்காக்ஸின் நால்வர் அங்கே நின்று எடுத்த போலராய்டு படம்தான் அவர்களின் முதல் தட்டான 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'சின் உறை. 1976 டிசம்பர் 28 அன்று பதிவு செய்தார்கள். கடனாகப் புரட்டிய 500 பவுண்டில், சொந்தமாக ஒரு லேபிள் பெயர் வைத்து, 1977 ஜனவரியில் முதலில் ஆயிரம் பிரதி அடித்தார்கள். பெரிய கம்பெனி படியேறாமல் நாமே தட்டுப் போடலாம் என்று ஊர் ஊராகப் பையன்களுக்குத் துணிச்சல் வந்தது இதைப் பார்த்துத்தான். அதே வருடம் லண்டனின் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் 153 பவுண்டில் 500 பிரதி அடித்துவிட்டார்கள், தட்டின் இரண்டு பக்கத்திலும் அதே இரண்டு பாட்டு. மறு வருடம் ஸ்கிரிட்டி பொலிட்டி இன்னும் ஒரு படி மேலே போய், ஒலிப்பதிவுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு என்று செலவுக் கணக்கை உறையிலேயே எழுதிவிட்டது. என் பயணக் குறிப்பைவிட ஒழுங்கான கணக்கு.

டிராம் பிடித்து சோர்ல்டன் போனேன். அங்கே கிங்பீ ரெக்கார்ட்ஸில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' இரண்டு பிரதிகள் பார்த்தேன். ஒன்றின் விலை இன்னொன்றைப் போல ஆறு மடங்கு. வித்தியாசம் என்ன என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினார். 1979-இல் மறுபடி அடித்தபோது 'வித் ஹோவர்ட் டெவோட்டோ' என்று அதில் பாடியவரின் பெயரை முன்பக்கம் சேர்த்துவிட்டார்கள். அந்த வரி இல்லாவிட்டால் பழைய பிரதி, அதற்குத்தான் காசு. பின்பக்கத்தைத் திருப்பினால் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக் (பாடிப் பதிந்த முயற்சி), மேலே எத்தனை ஒட்டுப் பதிவு என்று அச்சிட்டிருக்கிறது. முதல் டேக், மூன்றாவது டேக், அவ்வளவுதான். மட்டமான தாள், மூலைகள் மஞ்சளாகி மழுங்கியிருந்தன. இரண்டு நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். 'வாங்கலையா?' என்று அவர் கேட்கவில்லை. என்னைப் போல் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார்.

மதியச் சாப்பாடு இந்தப் பயணத்தின் உச்சம். நார்தர்ன் குவார்ட்டரின் சந்துகளில் 'ரைஸ் அண்ட் த்ரீ' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு தட்டு சோறு, அதன் மேல் நாம் கைகாட்டும் மூன்று குழம்பு. அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத் துணிக் கிடங்குகளில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களுக்காக வந்த சாப்பாடு. நான் ஆட்டுக்கறி, பருப்பு, கீரை கேட்டேன். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிவிட்டார், எது எதோடு கலக்கிறது என்ற கவலையே இல்லை. ஓரத்தில் பச்சை மிளகாய் கிண்ணம், வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளலாம். 8 பவுண்டுக்குள் வயிறு நிறைந்தது. இரண்டு வாரமாகச் சான்ட்விச் தின்று செத்திருந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது. ஞாயிறும் அங்கேயேதான் போனேன். டாக்ஸிக்காரர் வாங்கிய காசுக்கு இங்கே மூன்று வேளை சாப்பிட்டிருக்கலாம்.

அப்புறம் ஓல்ட்ஹாம் ஸ்ட்ரீட், வினைல் எக்ஸ்சேஞ்ச். மூன்று மணி நேரம் குனிந்தே நின்றதில் இடுப்பு விட்டுப்போயிற்று. 'ஆக்‌ஷன் டைம் விஷன்' கிடைத்தது. நான்கு சிடி, நூற்றுக்கு மேல் பாட்டு, பழையது என்பதால் பாதி விலை. புதிதாகச் சேர்க்க நினைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதிலிருந்து தொடங்கலாம். பவர்பாப் பக்கம் சாய்பவர்களுக்கு அதே செர்ரி ரெட்டின் 'ஹார்மனி இன் மை ஹெட்', மூன்று சிடி. அதையும் எடுத்துவிட்டேன், பட்ஜெட் அங்கேதான் உடைந்தது.

பவர்பாப் பற்றி ஒரு வார்த்தை. 1978-இல் இசைப் பத்திரிகைகள் இந்தச் சொல்லைத் தூக்கிப் பிடித்து, பீட்டில்ஸ் மாதிரி கோட் மாட்டிய ப்ளீசர்ஸ் போன்றவர்களை அடுத்த அலை என்றன. அலை கரைக்கே வரவில்லை. நல்ல பவர்பாப், பத்திரிகை கண்டுகொள்ளாத ஊர்களில் இருந்தது. லிங்கனின் தி சிகரெட்ஸ், வேக்ஃபீல்டின் தி டாங்கீஸ், இதே மான்செஸ்டரின் தி ஃப்ரெஷீஸ். பங்க்கின் அவசரமும் பழைய சினிமாப் பாட்டு போல ஒட்டிக்கொள்ளும் மெட்டும் சேர்ந்த கலவை. ஃப்ரெஷீஸின் கிறிஸ் சீவி, மான்செஸ்டர் வர்ஜின் மெகாஸ்டோர் என்ற இசைத்தட்டுக் கடையில் பில் போடும் பெண்ணைக் காதலிப்பதாக ஒரு பாட்டு எழுதினார். கடைப் பெயர் விளம்பரமாகிவிடும் என்று வானொலிக்காகத் தலைப்பில் 'ஒரு குறிப்பிட்ட' மெகாஸ்டோர் என்று மாற்ற வேண்டியிருந்தது. விற்பனைப் பட்டியலில் 54-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அநியாயம்.

பீட்டர் ஸ்ட்ரீட்டில் ஃப்ரீ டிரேட் ஹாலையும் பார்த்தேன். 1976 ஜூன் 4 அன்று அங்கே செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்ததைக் கேட்க நாற்பது பேர் வந்திருந்தால் அதிகம். இப்போது அது நட்சத்திர ஹோட்டல். வாசலில் நின்று படம் எடுத்தேன், அவ்வளவுதான் என் பட்ஜெட்.

சனி இரவு அறையில் பன்னிரண்டு சிடியையும் கட்டிலில் பரப்பி வைத்த பிறகுதான் உறைத்தது, போட்டுக் கேட்கக் கருவி எதுவும் இல்லை. என் லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது. ஞாயிறு காலை ஒரு சாரிட்டி கடையில் பழைய டிஸ்க்மேன் (கையடக்க சிடி பிளேயர்) 6 பவுண்டுக்குக் கிடைத்தது. பேட்டரி, இயர்போன் தனி.

திரும்பும் பஸ்ஸில் கழிப்பறையிலிருந்து எட்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். ஃப்ரெஷீஸ் இருந்த தட்டைப் போட்டேன். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பாட்டு தாவியது. காதலைச் சொல்லப் போகும் இடத்தில் தாவல், மறுபடி முதலிலிருந்து. லண்டன் வரும்வரை அந்தப் பெண்ணிடம் அவர் சொல்லி முடிக்கவில்லை.