ஐந்து மணி நேரம் பறப்பதற்கு ஒன்பது மாதம்: என் சிறு விமானத்தின் எஞ்சினை மாற்றிய கதை

2018 அக்டோபரில் தொடங்கி 2019 ஜூலையில் முடிந்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ரான்ஸ் எஸ்-6 கொயோட்டி 2 என்ற இரண்டு இருக்கை விமானம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஹேஸ் நகரிலிருந்து உதிரிப் பெட்டியாக வந்ததை, 1996-இல் ஒருவர் தம் வீட்டு கராஜில் கட்டி முடித்திருக்கிறார். நான் அதன் இரண்டாவது உரிமையாளர். கட்டியவன் நானல்லன் என்ற இந்த ஒரு விவரம் பின்னால் எனக்கு எவ்வளவு செலவு வைக்கப்போகிறது என்பது வாங்கும்போது தெரியவில்லை.

அதில் இருந்தது ரோட்டாக்ஸ் 503, காற்றால் குளிரும் ஐம்பது குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். தனியாகப் பறந்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் விஸ்கான்சினில் ஜூலை மாத மதிய வெயிலில், இரண்டு பேருடன், புல் ஓடுபாதையின் கடைசியில் நிற்கும் ஓக் மரங்களைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் என் கால் விரல்கள் தாமாகவே மடங்கும். 503 தயாரிப்பையே நிறுவனம் நிறுத்திவிட்டதால், அதைப் பிரித்துச் செப்பனிடுவதற்குப் பதிலாக, தண்ணீரால் குளிரும் ரோட்டாக்ஸ் 582-க்கு மாறிவிடலாம், பதினைந்து குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைக்கும் என்று முடிவு செய்தேன். எஞ்சினை இறக்கி ஏற்றியது இரண்டே வார இறுதிகளில் முடிந்தது. மற்ற மாதங்கள் எங்கே போயின என்பதுதான் கதை.

முதல் வீண் அலைச்சல் முழுக்க என் அவசரத்தால் வந்தது. பதினாறு மணி நேர வகுப்பு ஒன்றில் தேறினால், வருடாந்திரப் பரிசோதனையை நாமே செய்து கையெழுத்திடலாம் என்று கேள்விப்பட்டு, ஆறு மணி நேரம் கார் ஓட்டிச் சென்று, ஒரு சனி ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து தேறியும் விட்டேன். ஞாயிறு மாலை சான்றிதழைக் கையில் கொடுக்கும்போது பயிற்றுநர், "உங்கள் விமானச் சான்றில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது?" என்று சாதாரணமாகக் கேட்டார். கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதில் 'சோதனை வகை, அமெச்சூர் கட்டுமானம்' என்று, அதாவது தனிநபர் தாமே கட்டியது என்று இருந்தது. அந்த வகுப்போ 'சோதனை வகை, இலகு விளையாட்டு விமானம்' என்ற பிரிவுக்கு மட்டுமே செல்லும். அமெச்சூர் கட்டுமானத்தில், கட்டியவருக்கு மட்டும் பழுதுபார்ப்பவர் சான்று கிடைக்கும். அடுத்தடுத்து வாங்குபவர்கள் உரிமம் பெற்ற மெக்கானிக்கைத்தான் நாட வேண்டும். இது அன்று இருந்த விதி. விதிகள் மாறுவதுண்டு என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரிவு விமானங்களும் ஹேங்கரில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது என்பதால், விமானத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் சான்றைப் படித்து முடிவு செய்யுங்கள்.

இங்கே பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெச்சூர் கட்டுமான விமானத்தில் எஞ்சினை மாற்றுவதற்கு எந்த உரிமமும் தேவையில்லை. நீங்களே செய்யலாம், உங்கள் மைத்துனரும் செய்யலாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் நிலைப் பரிசோதனைக்குத்தான் கையெழுத்து வேண்டும். வேலையைச் செய்ய யாரும் தடுக்கவில்லை, செய்த பிறகு பறப்பதற்குத்தான் தாள்கள் வேண்டும்.

அந்தத் தாள்களில்தான் நான் மாட்டிக்கொண்டேன். விமானத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இளஞ்சிவப்பு நிறத் தகுதிச் சான்று இருந்தது. அதனுடன் இயக்க வரம்புகள் என்ற தட்டச்சுத் தாள்களும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் சான்று முழுமையாகாது, பறக்கும்போது விமானத்திலேயே இருந்தாக வேண்டும். என்னிடம் முதல் தாள் இருந்தது. அதன் கடைசி வரி பாதியில் நின்று, அடுத்த தாளில் தொடர்வதாகக் காட்டியது. அடுத்த தாளைக் காணவில்லை. மூன்று ஆண்டுகளாக நான் அதைக் கவனிக்கவேயில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் விமானத்தைப் பரிசோதித்தவரும் கவனிக்கவில்லை என்பதை ஆறுதலாகச் சொல்வதா குற்றச்சாட்டாகச் சொல்வதா என்று தெரியவில்லை. பழைய உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். வீடு மாறும்போது ஒரு பெட்டி நிறையத் தாள்களைக் குப்பையில் போட்டதாக, வருத்தம் சிறிதுமின்றிச் சொன்னார்.

எஞ்சினை மாற்றுவது போன்ற பெரிய மாற்றம் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பத்தி அந்தக் காணாமல்போன தாளில்தான் இருக்கும். அது எல்லா விமானங்களுக்கும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பி, நண்பர் ஒருவருடைய தாளைப் பார்த்து வேலையை நடத்தப் பார்த்தேன். இது பெரிய தவறு. சான்று வழங்கப்பட்ட ஆண்டைப் பொறுத்து வாசகம் மாறும். நண்பருடைய புதிய தாளின்படி, சோதனைப் பறப்பு நடக்கும் பகுதியைத் தெரிவித்து, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசுத் துறையின் (எஃப்.ஏ.ஏ.) பகுதி அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்று, குறைந்தது ஐந்து மணி நேரம் சோதனையில் வைத்துப் பறந்து, குறிப்பேட்டில் எழுதினால் போதும். பழைய தாள்கள் பலவற்றில், அலுவலகத்துக்குத் தெரிவித்து, அவர்களுடைய எழுத்துமூலமான பதில் கைக்கு வந்த பிறகே பறக்க வேண்டும் என்று இருக்கும்.

ஓக்லஹோமா சிட்டியில் உள்ள அதே துறையின் பதிவகத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கோப்பு உண்டு; சிறு கட்டணம் செலுத்தினால் முழுக் கோப்பையும் அப்போது குறுந்தகட்டில் அனுப்பினார்கள். விமானம் வாங்கிய அன்றே நான் அதை வாங்கியிருக்க வேண்டும். குறுந்தகடு வந்தது, இரண்டாம் தாளும் அதில் இருந்தது, மங்கிய நிழல்போல, ஆனால் படிக்கும்படியாக. என் விமானம் பழைய வாசகத்தைச் சேர்ந்தது.

உடனே எங்கள் பகுதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆறு வாரம் பதில் இல்லை. அழைத்தால் ஒரு குரல் பதிவு; செய்தி விட்டால் மௌனம். ஏழாவது வாரம் எடுத்துப் பேசியவர், கடிதம் வந்திருக்கிறது, ஆனால் அதில் பதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது; அவர் சொன்னதைக் கேட்ட பிறகு அது அடங்கியது. எஞ்சினை மாற்றுகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதிய நான், எங்கே சோதனை செய்யப்போகிறேன் என்பதை எழுதவில்லை. வான்வழி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் பெரிய ஊர்கள் இல்லை என்று காட்டி, புறப்படும் தளத்தையும் மாற்று இறங்குதளங்களையும் குறித்து அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது: ஐந்து மணி நேரம், பகல் வெளிச்சத்தில் மட்டும், விமானி தவிர யாரும் கூடாது. இதை ஆறு வாரம் முன்பே தொலைபேசியில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம் என்பது என் மனத்தாங்கல். முதல் கடிதத்திலேயே வரைபடத்தை இணையுங்கள். அதுவே என் அறிவுரை.

இனி எஞ்சின். வேறு மாநிலத்துக்காரர் ஒருவரிடம் பழைய 582 ஒன்றை வாங்கினேன். ஓடியது நாற்பது மணி நேரம்தான் என்றார், அதில் பொய் இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் இந்த எஞ்சின்களுக்குச் செப்பனிடும் கெடு 300 மணி அல்லது ஐந்து ஆண்டு, எது முந்தியதோ அது. அந்த எஞ்சினோ ஒன்பது ஆண்டு அலமாரியில் இருந்தது. மணிக்கணக்கை மட்டும் கேட்டு விலை பேசினால், கிராங்க் தண்டில் துரு ஏறிய ஒரு இரும்புக் கட்டியை வாங்கி வர நேரலாம். பிளக்குகளைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன், துரு இல்லை. அதோடு நிம்மதியாகிவிட்டேன். அடுத்ததைக் கண்டது என் திறமையால் அல்ல.

503 பழக்கத்தில் வந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று 582-இல் உண்டு. அதற்கு ரோட்டரி வால்வு உண்டு, அதாவது எரிபொருள் கலவை உள்ளே வரும் வழியைச் சுழன்று திறந்து மூடும் தட்டு. அந்த வால்வை ஓட்டும் தண்டுக்குத் தனியாக ஒரு சிறு எண்ணெய்ப் புட்டியிலிருந்து எண்ணெய் போக வேண்டும். பெட்ரோலில் கலந்த எண்ணெய் அங்கே போய்ச் சேராது. விற்றவர் அந்தப் புட்டியைக் கழற்றி, எஞ்சினிலிருந்த இரண்டு முனைகளையும் அரை அடி ரப்பர் குழாய் ஒன்றால் வளைத்து இணைத்திருந்தார், தூசி போகாமலிருக்க. குழாய் அவ்வளவு இயல்பாக அங்கே பொருந்தியிருந்ததால், அது எஞ்சினோடு வந்த பகுதி என்றே நினைத்தேன். எங்கள் ஊர் ஈ.ஏ.ஏ. (சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் சங்கம்) கிளையில் இலவசமாக வந்து பார்க்கும் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர் ஹேங்கருக்குள் நுழைந்து, வணக்கம் சொல்வதற்கு முன்பே அந்தக் குழாயைச் சுண்டிப் பார்த்து, "இதன் புட்டி எங்கே?" என்றார். குழாயை உருவி என் மூக்கருகே நீட்டினார். எண்ணெய் வாசமே இல்லை. சுத்தமான காய்ந்த ரப்பர் நாற்றம். மறுநாள் காலை முதல் ஓட்டம் என்று நாள் குறித்திருந்தேன்.

குளிர்நீர்ப் பகுதியிலும் எச்சரிக்கை வேண்டும். ரேடியேட்டரில் குளிர்ந்து கிடக்கும் நீர், சூடான சிலிண்டருக்குள் ஒரேயடியாகப் பாய்ந்தால் சிலிண்டர் சுருங்கி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் மார்ச் மாதக் குளிரில் இது கதையல்ல, நிஜமான அபாயம். அந்த நீரை ஒரேயடியாகப் பாயவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள், எடை குறையும் என்று அறிவுரை கூறுபவர்களைக் கேட்காதீர்கள். நீரின் வெப்பம் அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் நான் த்ரோட்டிலை முழுதாகத் தள்ளுவதில்லை.

எஞ்சினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவில் இருக்கும் பழைய 'பி' வகை கியர்பாக்ஸை மறுபடி பயன்படுத்திப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசையும் இருந்தது. அது தாங்கும் ப்ரொப்பெல்லர் சுழல் நிலைமம், அதாவது சுழற்சி மாறுவதை ப்ரொப்பெல்லர் எதிர்க்கும் அளவு, 3000 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர்தான். 'சி' வகை அதற்கு இரட்டிப்பைத் தாங்கும். மூன்று இதழ் ப்ரொப்பெல்லருக்கு 'சி'யே வாங்கினேன், பணம் கரைந்தது, அதில் சொல்ல வேறொன்றுமில்லை.

எடை பார்த்த நாள்தான் உண்மையில் வயிற்றைக் கலக்கியது. ஈ.ஏ.ஏ. கிளையிலிருந்து மூன்று தராசுகளை இரவல் வாங்கி, விமானத்தை மட்டமாக நிறுத்தி, ஹேங்கர் கதவைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டு எடை எடுத்தோம். ரேடியேட்டர், நீர், கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்த்து 34 பவுண்டு கூடும் என்று கணக்கிட்டிருந்தேன். பழைய எடைத்தாளோடு ஒப்பிட்டால் 61 பவுண்டு கூடியிருந்தது. மீதி 27 பவுண்டு எங்கிருந்து வந்தது? 1996-இலிருந்து யாரும் மறுபடி எடை பார்க்கவில்லை. இருக்கை மெத்தை, கூடுதல் பெயின்ட், ரேடியோ, கனத்த டயர்கள் என்று இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்தது. மனிதர்களைப் போல விமானமும் நடுவயதில் தொப்பை வைக்கிறது. அதுவரை நான் பார்த்த எடைக் கணக்கு ஒவ்வொன்றும் அந்த 27 பவுண்டு தவறாக இருந்திருக்கிறது என்பதை நினைக்கவே விருப்பமில்லை. குதிரைத்திறன் கூடியதால் மொத்த எடை வரம்பு கூடிவிடாது. இறக்கையும் அதன் தாங்குகம்பிகளும் பழையவைதானே. ஆகவே கூடிய ஒவ்வொரு பவுண்டும் நாம் ஏற்றிச் செல்லும் சுமையில்தான் கழியும். மூக்கும் கனத்துவிட்டதால், பேட்டரியை எஞ்சின் சுவரிலிருந்து இருக்கைக்குப் பின்னால் மாற்றி, மறுபடி எடை பார்த்தோம்.

அதற்குள் வருடாந்திரப் பரிசோதனைக் கெடுவும் வந்துவிட்டது. நான்கு மெக்கானிக்குகள், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றதும் மறுத்துவிட்டார்கள். ஒருவர், "புல்வெட்டும் இயந்திரத்துக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை" என்றார். ஐந்தாமவர் தொண்ணூறு மைல் தள்ளி இருந்தார். வந்து, பாதி நாள் செலவிட்டு, பெட்ரோல் குழாய் ஒன்று எத்தனால் கலந்த பெட்ரோலால் விறைத்துப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். அவருக்கு நான் கொடுத்த பணத்தில் ஒரு டாலரும் வீணில்லை.

முதல் பறப்பில் நீரின் வெப்பம் 78 டிகிரிவரை ஏறியது. எல்லை எண்பது. ஓடுபாதைக்கு மேலேயே வட்டமிட்டு, த்ரோட்டிலைக் குறைத்து, பதினோரு நிமிடத்தில் இறங்கிவிட்டேன். ரேடியேட்டரின் பின்விளிம்பில் இரண்டு அங்குல அலுமினியத் தகட்டைச் சாய்வாக வைத்து, காற்று பின்னால் உறிஞ்சப்படும்படி செய்ததும் 70-இல் நின்றது. ஐந்து மணி நேரத்தில் மீதி முழுவதும் அமைதியாகக் கழிந்தது. ஓக் மரங்களுக்கு மேலே இப்போது கால் விரல்கள் நேராகவே இருக்கின்றன.

கடைசி இறக்கத்துக்குப் பிறகு, ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது), மேலேறும் வேகங்கள், சோதித்த எடை, எடைமையம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, விமானம் கட்டுப்பாட்டுக்கு அடங்குகிறது, அபாயமான குணம் ஏதுமில்லை என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திட்டேன். இரண்டாம் தாளின் நகல்கள் மூன்று எடுத்து, ஒன்றை விமானத்திலும் ஒன்றை வீட்டிலும் ஒன்றை அலுவலக மேசையிலும் வைத்திருக்கிறேன்.

அன்று மாலையே மனைவி முதல் பயணியாக வரச் சம்மதித்தார். புதிய எடைத்தாளை நீட்டி, அவருடைய எடையை அதில் எழுதச் சொன்னேன். அவர் தாளை ஒருமுறை பார்த்தார், பேனாவைத் திருப்பிக் கொடுத்தார், பெட்ரோலில் ஐந்து கேலன் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய் இருக்கையில் அமர்ந்தார்.