சித்தி பார்வையிட்ட அரண்மனை

பெய்ஜிங்கில் சீனப் பேரரசர்களின் பழைய அரண்மனையான 'தடைசெய்யப்பட்ட நகரத்துக்கு' வருகிறவர்கள் மஞ்சள் ஓடு வேய்ந்த கூரையையும் சிம்மாசனத்தையும் பார்த்து வாய் பிளப்பது வழக்கம். என் சித்தியோ, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல, முதல் முற்றத்திலேயே தண்ணீர் வசதியை விசாரிக்கத் தொடங்கினார். பேரரசர் சியான்லோங்குக்குக் குடிநீர் நகருக்கு வெளியே உள்ள ஜேட் ஊற்று மலையிலிருந்து வண்டியில் வந்தது என்று வழிகாட்டிப் பெண் சொன்னதும், "லாரித் தண்ணீர்தானா!" என்று அவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.

1420இல் கட்டி முடிக்கப்பட்டு, 24 பேரரசர்கள் வாழ்ந்த இந்த 72 ஹெக்டேர் வளாகத்தில் 9,999 அறைகளும் ஓர் அரை அறையும் உண்டென்பது அவ்வூர்ப் பேச்சு; எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தவை 8,700க்குச் சற்று மேல். அவற்றில் கழிப்பறை எத்தனை என்று சித்தி கேட்டார். அக்காலத்தில் ஒன்றுகூட இல்லையென்றும், பேரரசருக்கே சாம்பல் பரப்பிய கலம்தான், அதைச் சுமந்து போக ஆண்மை நீக்கப்பட்ட பணியாளர்கள் இருந்தார்கள் என்றும் வந்த பதிலைக் கேட்டுச் சித்தப்பாவே சற்று நிலைகுலைந்தார். தரைக்கடியில் கரி நெருப்பின் வெப்பத்தைச் செலுத்தி அறைகளைக் கதகதப்பாக்கிய ஏற்பாட்டை மட்டும் சித்தி மனமாரப் பாராட்டினார்.

அந்தப் பாராட்டு குன்னிங் மாளிகை வரை நிலைத்தது. கடைசி அரச வம்சமான சிங் காலத்தில் அங்கே பூசைக்காகப் பன்றிகளைப் பலியிட்டுப் பெரிய அண்டாக்களில் வேகவைத்திருக்கிறார்கள்; அதே கட்டடத்தின் கிழக்குப் பகுதிதான் பேரரசரின் மணவறை. 1922இல் மணமுடித்த கடைசிப் பேரரசர் பூயி, எங்கு பார்த்தாலும் சிவப்பாக இருந்த அந்த அறையில் தங்காமல் தன் பழைய இருப்பிடத்துக்கே போய்விட்டார் என்று கேட்டதும், "பையன் பாவம், வேறென்ன செய்வான்?" என்று சித்தி அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

சாப்பாட்டுக் கதையில்தான் அவருக்கு முழு வெற்றி. சிறுவன் பூயிக்காக அரண்மனை அடுக்களை நெடுநேரம் முன்பே சமைத்து, நெருப்பின்மேல் வைத்துக் காத்திருந்த பதார்த்தங்கள், நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பப்பட்ட வெள்ளித் தகடுகளுடன் பல மேசைகளில் அணிவகுத்து வந்தாலும், அவை வெறும் காட்சிக்குத்தான்; அவர் உண்மையில் உண்டதோ, அன்னையர் நிலையிலிருந்த அரண்மனை மூதாட்டியரின் தனி அடுக்களைகளிலிருந்து வந்த உணவை. சித்தி வெற்றிப் பெருமிதத்தோடு சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். விடுதியின் காலை உணவில் 40 வகை இருந்ததை வழியெல்லாம் புகழ்ந்துகொண்டு வந்த சித்தப்பா, தூண் ஓவியங்களை மிகுந்த கவனத்துடன் ஆராயத் தொடங்கினார்.