பேய்ப் படத்தை மறுபடி எடுக்குமுன்

பழைய திகில் படத்தின் உரிமை கைக்கு வந்ததும் எல்லோரும் திரைக்கதையைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அதற்கு முன் மூலப் படத்தை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் ஏற்ற வேண்டும். பயம் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஷாட் எத்தனை ஃபிரேம் நிற்கிறது, என்ன சத்தம் இருக்கிறது, அந்த நொடியில் பார்ப்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிக் குறிப்பைத்தான் பலரும் எழுதுவதில்லை. பயம் இருப்பதே அங்கேதான்.

1998-இல் கஸ் வான் சான்ட், ஹிட்ச்காக்கின் 1960 படமான ‘சைக்கோ’வை ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் வண்ணத்தில் எடுத்தார். திரைக்கதை அதே ஜோசப் ஸ்டெஃபானோ. பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து அமைத்த இசையும் அதேதான், புதிதாக ஒலிப்பதிவு செய்யப்பட்டது. முக்கால் நிமிடக் குளியலறைக் கொலைக் காட்சியும் ஏறக்குறைய அப்படியே வந்தது. வராதது ஒன்றுதான்: 1960-இல் நாயகி ஜேனட் லீயின் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கியவர், பாதிப் படம் முடிவதற்குள் அந்த நாயகியே செத்துப்போவார் என்று நினைத்திருக்க வழியில்லை. படம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று ஹிட்ச்காக் தியேட்டர்களிடம் கறாராகச் சொன்னதும் அதற்காகத்தான். அந்த ரகசியம் ஊரறிந்த பிறகு, வெட்டுகளை எவ்வளவு துல்லியமாக எண்ணி ஒட்டினாலும் பயனில்லை.

‘தி ஹாண்டிங்’ வேறு கதை. 1963 படத்தில் ராபர்ட் வைஸ் பேயைக் காட்டவே இல்லை. மரக் கதவு ஒன்று மூச்சு விடுவதுபோல் உள்ளே புடைக்கும், அவ்வளவுதான். 1999-இல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் எல்லாவற்றையும் காட்டினார்கள், பயம் போய்விட்டது. மறுபக்கம், 1951-இல் வந்த முதல் படம் ஒரு நடிகருக்கு வேஷம் கட்டிச் சமாளித்த உருமாறும் ஜந்துவை, 1982-இல் ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ ரப்பரும் ஹைட்ராலிக்ஸும் வைத்து மூலக் குறுநாவலுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. பழைய படத்தின் கையைக் கட்டியது வசதிக் குறைவு என்றால் தாராளமாக மறுபடி எடுக்கலாம். அந்தக் குறைவே பயத்தை உண்டாக்கியிருந்தால் தொடாமல் இருப்பது நல்லது.

நம் பக்கத்தில் இதற்குப் பாடமாக வைக்கத்தக்கது ‘மணிச்சித்ரதாழ்’. 1993-இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம். அதன் திகில் மாளிகையிலும் இல்லை, பூட்டிய அறையிலும் இல்லை. மலையாளம் பேசும் மனைவி கங்கா திடீரென்று நாகவல்லி என்ற தஞ்சாவூர் நாட்டியக்காரியாகித் தமிழில் சீறுகிறாள். கங்காவுக்குப் பின்னணிக் குரல் பாக்யலட்சுமி, நாகவல்லிக்குத் துர்கா: ஒரே உடம்புக்கு இரண்டு தொண்டை.

இதை அப்படியே தமிழில் எடுத்தால் அவள் தமிழிலிருந்து தமிழுக்கே மாறுவாள், ஒன்றும் நடக்காது. பி. வாசு 2005-இல் ‘சந்திரமுகி’யில் அவளைத் தெலுங்கு நாட்டியக்காரி ஆக்கினார். இந்தியில் பிரியதர்ஷன் 2007-இல் வங்காளி ஆக்கினார். வசனம் போனாலும் விசை அப்படியே இருந்தது. மொழியைத் தேர்வதிலும் கணக்கு உண்டு. பாதி புரியும் பக்கத்து வீட்டு மொழியாக இருக்க வேண்டும். முழுக்கப் புரிந்தால் சண்டைக் காட்சி. சுத்தமாகப் புரியாவிட்டால் தியேட்டரில் சிரிப்பு. (சந்திரமுகியில் நகைச்சுவை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஜோதிகா கண்ணை உருட்டும் இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.)

இன்றைய ரசிகருக்காக மாற்ற வேண்டியவையும் உண்டு. செல்போனைச் சமாளிக்க ‘சிக்னல் இல்லை’ என்ற வசனம் சலித்துவிட்டது. போன் வேலை செய்தும் உதவி வராத சூழலை எழுதுவதே மேல். திடுக்கிடலுக்கு முன் பின்னணிச் சத்தத்தை முழுக்க அறுத்தால் ரசிகர் உஷாராகிக் காதைப் பொத்திக்கொள்வார். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, காற்றாடிச் சத்தம் மாதிரி ஏதோ ஒன்றை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். இருட்டுக் காட்சியை, நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கலர் கிரேடிங் அறையின் மானிட்டரில் மட்டும் பார்த்து முடித்துவிடக் கூடாது. பகல் வெளிச்சத்தில் செல்போன் திரையிலும் ஒருமுறை ஓட்ட வேண்டும், பலர் அப்படித்தான் பார்க்கப்போகிறார்கள்.

பெரிய சிக்கல், ஐந்து மொழிகளில் ஒரே நாளில் வெளியிடும் இப்போதைய வழக்கம். நாகவல்லி மாதிரியான பாத்திரம் தெலுங்கு பேசினால், தெலுங்குப் பதிப்பில் என்ன பேசுவாள்? இதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்து, அவள் பேசும் க்ளோசப்களை மட்டும் இரண்டு மொழியில் எடுத்து வைக்க வேண்டும். அதற்குக் கூடுதல் கால்ஷீட் கேட்டால் தயாரிப்பாளர் முகம் சுளிப்பார். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அவ்வளவு நெருக்கத்தில் உதடு ஒட்டவே ஒட்டாது.