நாகமலைப் பக்கம் படித்த தைமஸ் பாடம்

எண்பதுகளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இம்யூனாலஜி படித்தவர்களுக்கு ஓணானை மறக்க முடியாது. பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன் வளர்த்த துறை அது. வேலியோரம் தலையாட்டிக்கொண்டிருக்கும் நம்மூர் ஓணானை வைத்தே அவரும் மாணவர்களும் நோய் எதிர்ப்பு மண்டலத்தை ஆராய்ந்தார்கள். டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் முதிரும் உறுப்பான தைமஸை எடுத்துவிட்டால் மண்ணீரலில் எந்தப் பகுதி பாதிக்கப்படுகிறது என்று பார்த்தார்கள். அந்தக் கட்டுரைகள் வெளிநாட்டு இதழ்களில் வந்திருப்பதைக் கண்டு எங்களுக்கு வந்த தெம்பு கொஞ்சநஞ்சமல்ல.

செய்முறை வகுப்பில் டி செல்லை எண்ணக் கற்றது செம்மறியாட்டு ரத்தத்தை வைத்துத்தான். மனிதரின் டி செல்லில் ஆட்டுச் சிவப்பணுக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் கலந்து, மெதுவாகச் சுழற்றி, குளிரில் வைத்து, அப்புறம் அலுங்காமல் எடுக்க வேண்டும். சற்று வேகமாகக் கலக்கினாலும் ஒட்டியதெல்லாம் உதிர்ந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் நடுவே ஒரு செல், சுற்றிலும் பூவிதழ் போலச் சிவப்பணுக்கள். குறைந்தது மூன்று ஒட்டியிருந்தால்தான் கணக்கில் சேரும். கண் வலிக்க எண்ணுவோம்.

தன்னுடல் தாக்கு நோய்களைப் பற்றிய பாடம் வந்தபோதுதான் வகுப்பு சூடுபிடித்தது. சொந்த உடலையே தாக்கக்கூடிய டி செல்களைத் தைமஸ் முளையிலேயே கிள்ளிவிடுகிறது, சரி. ஆனால் தப்பி வந்த சில, நோயே இல்லாதவர் ரத்தத்திலும் இருக்கின்றன. அவற்றைக் கட்டிவைப்பது எது? ‘அடக்கும் டி செல்’ என்பது அன்றைய விடை. அந்தச் செல்களின் அடையாளத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட ஜீன், எலியின் குரோமோசோமில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று அதற்குள் தெரிந்துவிட்டது. கொஞ்ச காலத்தில் அந்தப் பேச்சே அடங்கிப்போனது. எங்கள் ஆசிரியர் மட்டும், “ஜீன் இல்லைன்னா அந்த வேலையும் நடக்கலைன்னு ஆயிடுமாப்பா?” என்று கேட்டபடியே இருந்தார்.

ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சியும் அந்தக் கேள்வியை விடவில்லை. பிறந்த 3ஆம் நாள் தைமஸை எடுத்த எலிக்குட்டிகளுக்குத் தன்னுடல் தாக்கு நோய்கள் வந்தன. நல்ல எலியின் டி செல்களைச் செலுத்தினால் நோய் தடுக்கப்பட்டது. காக்கும் அந்தச் செல்களை அவர் 1995இல் அடையாளம் காட்டினார். மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001இல், அந்தச் செல்களுக்கு அடிப்படை என்று பின்னர் தெரியவந்த ஃபாக்ஸ்பி3 ஜீனைக் கண்டறிந்தார்கள். 2025இல் மூவருக்கும் மருத்துவ நோபல். அன்று இரவு எங்கள் வாட்ஸ்அப் குழு தூங்கவில்லை. ஆசிரியர் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்றே எல்லாரும் எழுதினார்கள்.

எனக்கு மெஸ்ஸில் வேலை பார்த்த அக்காவின் நினைவும் வந்தது. காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை முக்கிவைத்துக்கொண்டு, “வாதம் தம்பி, வெயில் ஏறினா சரியாயிரும்” என்பார். இரு கையிலும் விரல் முட்டிகள் வீங்கியிருக்கும். முடக்குவாதமும் ஒரு தன்னுடல் தாக்கு நோய்தான். அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1988இல்தான். இன்று அந்த மாத்திரை நம்மூரிலேயே கிடைக்கிறது. டாக்டர் சொல்படி வாரம் ஒரு நாள் போட்டு, அவ்வப்போது ரத்தம் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஊரில் உங்கள் அம்மாவோ அத்தையோ காலையில் கை மடக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்று போனில் சொன்னால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மூட்டு வாத நோய் மருத்துவரிடம் உடனே காட்டச் சொல்லுங்கள். எலும்பு அரிப்பு முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடும்.