சிங் எல்லாரும் சொந்தக்காரரா?

திருகோணமலை உப்புவெளியில எங்கட கெஸ்ட் ஹவுஸ் ரெஜிஸ்டர புரட்டினா இந்தியாவில இருந்து வாற ஆக்கள்ல சிங் எண்ட பேர் அடிக்கடி வரும், ரிசப்ஷன்ல நிக்கிற தம்பி "அண்ணே இவையெல்லாம் ஒரே குடும்பமா" எண்டு கேக்கிறான். இல்லடா. சமஸ்கிருதத்தில சிம்ஹ, எங்கட சிங்கம்தான். ராஜபுத்திரர் முந்தியே வச்சிருந்த பேர், பிறகு 1699ல பஞ்சாப் ஆனந்த்பூர்ல சீக்கியற்ற பத்தாவது குரு கோபிந்த் சிங் கால்சா எண்ட தீட்சை எடுத்த சீக்கியர் சமூகத்தத் தொடங்கேக்க சீக்கிய ஆம்பிளையளுக்கு சிங், பொம்பிளையளுக்கு கவுர் எண்டு வந்தது, சாதியக் காட்டுற பேர் வேணாம் எண்டதுதான் அதில பெரிய விசயம். ஆனா இப்பவும் சில பேருக்கு சிங்குக்குப் பிறகு கில், சந்து எண்டு குலப்பேரும் ஒட்டிக்கொண்டு நிக்கும் (அதுவும் பாஸ்போர்ட்டில!). தலைப்பாகை இல்லாத சிங்மாரும் நிறைய, பீகார், உத்தரப்பிரதேச இந்துக்கள், மணிப்பூர் மெய்தெய் ஆக்களும் வைக்கினம். எங்களுக்கு அப்பாட பேரை முன்னால போட்டா சரி, ஆன்லைன் ஃபோர்ம் லாஸ்ட் நேம் கேட்டாத்தான் கரைச்சல்.